பக்கத்துக் காம்பராவில் தூங்குவது யார்

டெனிஸ்டன் அண்ணனப் பத்தி இப்ப எங்க தோட்டத்து டிவிசன்ல யாருகிட்ட கேட்டாலும் பேச்ச மாத்திருவாங்க. முன்னெல்லாம் சிரிப்பாங்க. ரெண்டையும் கண்ணால பாத்தவ நான். லயத்துல வரிசையா ஒட்டிக் கட்டுன வீடுங்கள்ல, அவரு வீட்டுல இருந்து மூணாவது காம்பரா என்னுது. பேரு விஜயகலா. கொழுந்து எடுக்குறவ. வாய் கொஞ்சம் நீளம். அத நானே சொல்லிக்கிறேன், நீங்க சொல்லத் தேவையில்ல.

கஹவத்தையில பஸ் ஏறி, ரப்பர் காட்டுக்குள்ள சுத்திச் சுத்தி மேல வந்தா எங்க தோட்டம். டெனிஸ்டன் அண்ணன் இங்கயே பொறந்தவருதான். ஆனா தோட்டத்துல பேரு பதியாம, வாலிபத்துலயே நிவித்திகல பக்கம் மாணிக்கப் பத்தலுக்கு வேலைக்குப் போயிட்டாரு. பத்தல்னா கல்லு தோண்டுற குழி. கெணறு மாதிரி நேரா கீழ போவும், அங்க இருந்து பக்கத்துல கொடஞ்சுக்கிட்டுப் போவாங்க. ஊத்துத் தண்ணி சும்மா விடாது, எறைச்சுக்கிட்டே இருக்கணும். அந்த பம்பு மிஷினப் பாத்துக்குறதுதான் அண்ணனுக்கு வேலை.

ஒரு மழைக் காலத்துல குழியில தண்ணி ஏறிப்போச்சு. மேல இருந்த பம்பு இழுக்கல. மொதலாளி ஆளுங்க என்னா பண்ணாங்க, கொஞ்ச நேரந்தானேன்னு, பம்ப எறக்கி குழிக்குள்ள பாதியில பலக போட்டு வச்சு ஓட்டிட்டாங்க. அண்ணன் அந்த நேரம் எண்ணெய் வாங்கப் போயிருந்தாரு. திரும்பி வந்து எட்டிப் பாத்துக் கூப்புடுறாரு, கீழ இருந்து சத்தமே இல்ல. கூட வேலை செஞ்ச ரெண்டு பேரும் அடியில சாஞ்சு கெடக்குறாங்க. இவரு கயித்தக் கட்டிக்கிட்டு எறங்கி, தல சுத்தி, மேல வந்து, மறுபடி எறங்கி, ஒருத்தன மட்டும் கயித்துல கட்டித் தனியா இழுத்தாரு. மேல வந்தது பொணந்தான். அந்த இழுப்புல இவரு வலது தோளு பிஞ்சு போச்சு, இன்னைக்கு வரைக்கும் அந்தக் கைய தலைக்கு மேல தூக்க முடியாது.

"பொகையே இல்ல கலா"ன்னு எங்கிட்ட ஒரு தடவ சொன்னாரு. "பொக வந்தா நாம இருமுவோம், ஓடுவோம். மிஷின் விடுற வாயு அப்பிடி இல்ல. தூங்க வச்சே கொண்டு போயிரும். ரெண்டு பேரு மொகத்துலயும் ஒரு கஷ்டமும் இல்ல, நல்லா சாப்புட்டுப் படுத்த மாதிரி இருந்தானுங்க."

அதோட பத்தல விட்டுட்டு லயத்துக்கே வந்துட்டாரு. கை அப்படி இருக்கறதால ரப்பர் பால் வெட்டவும் முடியல, மம்பட்டி புடிக்கவும் முடியல. பொண்டாட்டி தெரேசம்மா அக்கா கொழுந்துக்குப் போயிதான் குடும்பம் ஓடுச்சு. இவரு வீட்டு வேலை பாப்பாரு, ரேடியோ, டோர்ச்சு லைட்டுன்னு யாராவது குடுத்தா சரி பண்ணுவாரு. வேதக்காரக் குடும்பம். ரொம்ப வருசம் பிள்ள இல்லாம இருந்து பொறந்த ஒரே மக நிருஷா. அவள அவுங்க ரெண்டு பேரும் வச்சிருந்த வச்சிருப்பு, ஐயோ, கொசு கடிச்சாக் கூட அந்தக் கொசுவத் தேடுவாங்க.

எங்க தோட்டத்துல மரணாதார சமித்தி ஒண்ணு இருக்கு. கீழ கிராமத்து சிங்கள ஆளுங்களும் அதுல இருக்குறதால எல்லாரும் சிங்களத்துலதான் அப்பிடிச் சொல்றது. யாரு வீட்டுல எழவு விழுந்தாலும் சமித்தியில இருந்து கதிர, கூடாரம், பாத்திரம் எல்லாம் வரும். எங்க பக்கம் மழை பேஞ்சா மரம் விழும், மரம் விழுந்தா கரண்டு போவும், போனா எப்ப வரும்னு கரண்டு ஆபீசுக்காரனுக்கே தெரியாது. பொணத்த இருட்டுல போட்டு வைக்க முடியுமா? அதுக்காக சமித்தியே ஒரு ஜெனரேட்டர் வாங்குச்சு. நாங்க சொல்றது லைட்டு மிஷின். பாத்துக்குறதுக்கு யாருன்னு தலைவரு கிருஷ்ணராஜ் கூட்டத்துல கேட்டப்ப, டெனிஸ்டன் அண்ணன்தான் எடது கையத் தூக்குனாரு.

கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ற மிஷின்னா அவரால முடியாது. இதுல பேட்டரி இருந்துச்சு, சுவிட்ச அமுக்குனா போதும். அதனால பேட்டரி மேல அவருக்கு அவ்வளவு கவனம். மிஷினு சமித்தி கொட்டகையில இருக்கும், பேட்டரிய மட்டும் கழட்டி வீட்டுக்குக் கொண்டாந்துருவாரு. கழட்டும்போது கறுப்பு வயரு மொதல்ல, மாட்டும்போது செவப்பு மொதல்ல. மாத்திச் செஞ்சா பொறி பறக்கும்னு சொல்லுவாரு. சார்ஜ் போடுறது முன் திண்ணையில, இஸ்தோப்புலதான், காம்பராவுக்குள்ள இல்ல. சார்ஜ் ஏறும்போது அதுலயும் ஒரு வாயு வருமாம், பக்கத்துல நெருப்புக் குச்சி கூட கிழிக்கக் கூடாதாம். என் வீட்டுக்காரரு பீடியோட அந்தப் பக்கம் போயி வாங்கிக் கட்டிக்கிட்டதுல இருந்து எதிர்ப் பக்கமாத்தான் நடப்பாரு. பேட்டரி தலையில பச்சையா பூத்திருந்தா சுடுதண்ணியும் அப்பச் சோடாவும் போட்டுத் தேய்ப்பாரு. மூடியத் தொறந்து தண்ணி பாப்பாரு. மலையில இருந்து பீலியில வர்ற தண்ணிய ஊத்த மாட்டாரு, கஹவத்தையில பேட்டரி கடை வச்சிருக்குற ஸப்ரி நானாகிட்ட போத்தல்ல வாங்கியாந்த தண்ணிதான் ஊத்துவாரு. கடைசியா ரெண்டு முனையிலயும் வாசலின் தடவுவாரு.

தெரேசம்மா அக்காவுக்கு இதப் பாத்தா சிரிப்பும் வரும், ஆத்திரமும் வரும். "ஏங்க, மலையில நின்னு நின்னு என் காலு பித்தவெடிச்சுக் கெடக்கு, என்னைக்காவது எனக்கு இப்பிடி வாசலின் தடவி விட்டிருக்கீங்களா?"ன்னு கேக்கும். அவரு நிமிரவே மாட்டாரு. "ஒனக்கு வாயி இருக்கு, வலிச்சா சொல்லுவ. இது சொல்லுமா?"ம்பாரு. நாங்கல்லாம் இஸ்தோப்புல ஒக்காந்து விழுந்து விழுந்து சிரிப்போம்.

ஆனா எழவு வீட்டுல அவரு பண்ற அதிகாரத்தப் பாத்தா சிரிப்பு வராது. மிஷின் லயத்துப் பக்கமே வரக் கூடாது. மழைத்தண்ணி ஓடுற கானுக்கு அந்தப் பக்கம், பலா மரத்தடியில, வாசலுக்கும் ஜன்னலுக்கும் தூரமாத்தான் நிக்கணும். பொக போற கொழா பள்ளத்தப் பாத்து இருக்கணும். மேல நாலு கம்பு நட்டு தகரம், சுத்தி அடைக்கக் கூடாது. வீட்டு கரண்டு பெட்டியில சொருகக் கூடாது, மிஷின்ல இருந்து நேரா பல்புக்குத்தான் வயரு. "மிஷின் கரண்டு திரும்பி லைனுக்குள்ள போனா, அங்க கம்பத்துல ஏறி வேலை செய்யிறவன் சாவான். அவனும் ஒரு வீட்டுப் பிள்ளதானே?"ன்னு கேப்பாரு. பெட்ரோல் முடிஞ்சா நிறுத்துவாரு. சூடு ஆறுற வரைக்கும் ஊத்தவே மாட்டாரு. ஊரே திட்டும். "பொணத்துக்குக் காத்திருக்கத் தெரியும், ஒங்களுக்குத் தெரியாதா?"ன்னு ஒரு சத்தம் போடுவாரு. அடை மழையில நனஞ்சுக்கிட்டு, மிஷின ஒரு தடவ இஸ்தோப்புல ஏத்துனா என்னான்னு கெஞ்சுனவங்க எத்தன பேரு! ஒருத்தருக்கும் எறங்குனதில்ல. "என் கையில இருக்குற மிஷினால ஒரு உசுரு போவக் கூடாது. அவ்வளவுதான்." இதத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுவாரு.

இப்ப எங்க லயத்தப் பத்தி ஒண்ணு சொல்லணும். வெள்ளக்காரன் காலத்துல கட்டுனது. முன்னுக்கு இஸ்தோப்பு, அப்புறம் ஒரு காம்பரா, பின்னுக்கு அடுப்படி. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவுல செவுரு இருக்கு, ஆனா தகரம் வரைக்கும் போவாது. மேல கைய விட்டு ஆட்டலாம், அவ்வளவு எடம் தொறந்தே கெடக்கும். நான் கருவாடு பொரிச்சா அடுத்த வீட்டுக்காரி இருமுவா. புருசன் பொண்டாட்டி சண்டைய லயம் பூராவும் கேக்கலாம். இதுக்கு ஒரு செவுரு கட்டித் தாங்கன்னு கேட்டுக் கேட்டு எங்க தொண்டதான் வத்திப் போச்சு.

அந்த மே மாசம் மழைன்னா மழை அப்பிடி ஒரு மழை. கரண்டு போயி, ரோட்டுல மண்ணு சரிஞ்சு, ஒண்ணுமே ஒழுங்கா இல்ல. தெரேசம்மா அக்கா பீலியடியில துணி தொவச்சுக்கிட்டு இருந்தது, நெஞ்சப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்துச்சு. ஆட்டோவுல ஏத்துனோம், டவுனுக்குப் போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. மறுநாள் காலையில பெட்டி வீட்டுக்கு வந்துச்சு.

நிருஷா அப்ப வரக்காப்பொல பக்கம் கார்மெண்ட்ல வேலை செஞ்சுக்கிட்டு இருந்தா. மண்ணு சரிவுல பஸ் நின்னு, எறங்கி நடந்து, வேற பஸ் ஏறி, சொட்டச் சொட்ட நனஞ்சு வந்து சேந்தா. அம்மா மொகத்தப் பாத்ததும் ஒரு கத்து கத்துனா. அழுது அழுது பெட்டி மேலயே மயங்கி விழுந்துட்டா. பக்கத்துக் காம்பரா இருளாயி ஆயாவோடது. தனிக்கட்ட. ஆயாதான் பிள்ளையத் தாங்கிக் கூட்டிட்டுப் போயி, ஈரத் துணிய மாத்தி, தன் பாயில படுக்க வச்சுச்சு. "கொஞ்ச நேரம் கண்ண மூடு கண்ணு, நான் டீ ஊத்திக்கிட்டு வாறேன்"னு சொல்லிட்டு, சமையல் நடக்குற கடைசிக் காம்பராவுக்கு வந்துருச்சு. சமையல்ல இருந்த நாங்க மாறி மாறி வந்து எட்டிப் பாத்து அழுததால, நிருஷாவே எந்திரிச்சு உள்ள கொண்டியப் போட்டுக்கிட்டா. மழைச் சாரலுக்கு ஜன்னலும் சாத்தியிருந்துச்சு. அவ அங்க தூங்குறது டீ ஊத்துற எங்களுக்குத்தான் தெரியும். எழவு வீட்டுல ஒக்காந்திருந்த ஆம்பளைங்களுக்குத் தெரியாது. டெனிஸ்டன் அண்ணன், மக பொம்பளைங்களோட இருக்கான்னு நெனச்சுக்கிட்டு இருந்தாரு.

எங்க பக்கத்துல வழக்கம் என்னான்னா, எழவு வீட்டுல அடுப்புப் பத்த வைக்க மாட்டோம். டீத் தண்ணியில இருந்து சோறு வரைக்கும் அக்கம் பக்கந்தான். அந்த வீட்டு ஆளுங்க ஒரு துரும்பத் தூக்கக் கூடாது. துக்கக்காரரு பெட்டிக்குப் பக்கத்துல ஒக்காந்திருக்கணும், எந்திரிக்க விட மாட்டோம். அது மரியாத. அப்பிடித்தான் எங்க அப்பாவும் ஒக்காந்திருந்தாரு, என் மாமியாரும் ஒக்காந்திருந்துச்சு.

அன்னைக்குக் காலையில, பெட்டி வந்ததும், டெனிஸ்டன் அண்ணன் பேட்டரியத் தூக்கிக்கிட்டு பலா மரத்துக்கு நடக்கப் பாத்தாரு. தெரேசம்மா அக்காவோட தம்பி அந்தோனி ஓடிப் போயி கையில இருந்து வாங்கிட்டான்.

"மச்சான், பொண்டாட்டிய பெட்டியில வச்சுட்டு நீங்க மிஷின் அடிக்கிறதா? ஊரு என்னா சொல்லும்? எங்க அக்காவுக்கு நாங்க இல்லையா? போயி ஒக்காருங்க."

அவரு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்டுத்தான் போனாரு. செவப்பு மொதல்ல, கறுப்பு அப்புறம். பலா மரத்தடிதான். கொழா பள்ளத்தப் பாத்து. அந்தோனியும் கிருஷ்ணராஜும் சொன்ன மாதிரியே செஞ்சாங்க. பொய் சொல்லக் கூடாது. மத்தியானம் வரைக்கும் அது அங்கதான் ஓடுச்சு.

அப்புறந்தான் காத்து எறங்குச்சு. நட்டு வச்ச கம்பு சாஞ்சு, தகரம் பறந்து தேயிலைக்குள்ள போயி விழுந்துச்சு. மிஷின் நனையுதேன்னு நிறுத்துனாங்க. எழவு வீடு இருண்டு போச்சு, செபம் ஆரம்பிக்கிற நேரம். கிருஷ்ணராஜுக்கு ஒரு யோசன வந்துச்சு. அந்த யோசனைய நெனச்சா எனக்கு இன்னைக்கும் பத்திக்கிட்டு எரியுது. டெனிஸ்டன் அண்ணன் வீட்டு அடுப்படி சும்மாத்தானே கெடக்கு, அடுப்பு எரியல, ஆளு இல்ல, பொகக்கூண்டு வேற இருக்கு. மிஷின அடுப்புக்குப் பக்கத்துல வச்சு, கொழா பொகக்கூண்டப் பாக்குற மாதிரித் திருப்பி வச்சா, வெறகுப் பொக போற மாதிரி மேல போயிருமே! புத்திசாலித்தனமா செஞ்சதா நெனப்பு. நாலு பேரு தூக்கிக் கொண்டாந்து வச்சாங்க. செபத்துக்கு எரைச்சலா இருக்கும்னு அடுப்படிக்கும் காம்பராவுக்கும் நடுவுல உள்ள கதவச் சாத்துனாங்க. சாரல் அடிக்குதுன்னு பின் கதவையும் யாரோ ஒருக்களிச்சு வச்சுட்டாங்க.

நனஞ்ச மிஷின். ஸ்டார்ட் ஆகாம இருந்திருக்கலாம். சனியன், ஒரே அமுக்குல புடிச்சுச்சு. அவரு பாத்துப் பாத்து வச்சிருந்த பேட்டரியில்ல?

அதுக்கப்புறம் எழவு வீட்டுக்குள்ள நடந்தத அங்க இருந்தவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். லைட்டு வந்துச்சு. எல்லாரும் அப்பாடான்னு இருந்தாங்க. டெனிஸ்டன் அண்ணன் மட்டும் தலையத் தூக்கினாரு. மரத்தடியில இருந்து வர்ற சத்தம் அவருக்குத் தெரியாதா? இது செவுத்துக்குப் பின்னாடி இருந்து வருது.

"மிஷின உள்ள எடுத்துட்டீங்களா?"ன்னு கேட்டுக்கிட்டே எந்திரிச்சாரு.

அந்தோனி தோளப் புடிச்சு அமுக்குனான். அந்த வலது தோளத்தான். "ஒக்காருங்க மச்சான். துக்கக்காரரு எந்திரிக்கக் கூடாது."

"டேய், வெளிய எடுங்கடா. மழையில கெட்டா கெட்டுப் போவுது. நிறுத்துங்க."

"பொகக்கூண்டுக்கு நேராத்தாண்ணே வச்சிருக்கோம்"னு கிருஷ்ணராஜ் சொல்லியிருக்கான். "பொக எல்லாம் மேல போவுது. நான் பாத்தேன்."

"பாத்தியா? என்னாத்தப் பாத்த? அது கண்ணுக்குத் தெரியாதுடா!"

அவரு சத்தம் போடவும் பொம்பளைங்க இன்னும் சத்தமா அழ ஆரம்பிச்சுட்டாங்க. பொண்டாட்டி போன துக்கத்துல மனுசன் பெனாத்துறாருன்னு எல்லாருக்கும் நெனப்பு. ரெண்டு பேரு ரெண்டு பக்கமும் ஒக்காந்து அவரு கையப் புடிச்சுக்கிட்டாங்க. பாவம் பாவம்னு முதுகத் தடவிக் குடுத்தாங்க. உபதேசியாரு செபமாலைய எடுத்துட்டாரு.

"பக்கத்துக் காம்பராவுல யாரு தூங்குறது?"ன்னு அண்ணன் கேட்டிருக்காரு.

"யாரும் இல்லண்ணே. இருளாயி ஆயா கடைசிக் காம்பராவுல டீ ஊத்துது."

"போயி பாத்துட்டு வா."

"சரிண்ணே." போயிட்டு வந்தவன் மாதிரி கிருஷ்ணராஜ் வாசல் வரைக்கும் போயி நின்னுட்டு வந்தான். "அங்க யாரும் இல்லண்ணே. மிஷினயும் எடுக்கச் சொல்லிட்டேன். வெளிய எடுத்துட்டாங்க. நீங்க அமைதியா இருங்க."

எடுக்கல. துக்கத்துல இருக்குறவங்ககிட்ட சமாதானத்துக்கு நாலு பொய் சொல்லுவோமே, சாப்புட்டாச்சு, வந்துருவாங்க, ஒண்ணும் ஆகாதுன்னு, அந்த மாதிரி ஒண்ணுதான் அது. சத்தம் கேட்டுக்கிட்டே இருக்குதேன்னு அண்ணன் திரும்பவும் எந்திரிக்கப் பாத்தாரு. திரும்பவும் ஒக்கார வச்சாங்க. அன்பாத்தான் ஒக்கார வச்சாங்க. நாசமாப் போன அன்பு.

முன் காம்பராவுல வாசல் தொறந்திருந்ததால அங்க இருந்தவங்களுக்குத் தலவலியோட போச்சு. அழுத தலவலின்னு தைலம் தேச்சுக்கிட்டாங்க. அடுப்படியில ரொம்புன வாயு செவுத்துக்கு மேல ஏறி, இருளாயி ஆயா காம்பராவுக்குள்ள எறங்கியிருக்கு. அங்க கதவு ஜன்னல் எல்லாம் அடைச்சிருக்கு. வெறகுப் பொகையா இருந்திருந்தா பிள்ள இருமிக்கிட்டு எந்திரிச்சிருப்பா. எத்தன தடவ எங்க வீட்டுப் பொகைக்கே எந்திரிச்சு வந்து என்னத் திட்டியிருக்கா!

செபம் முடியிற நேரம் ஆயா டீயும் பிஸ்கட்டும் எடுத்துக்கிட்டு கெளம்புச்சு, வழுக்குதேன்னு நானும் கொட புடிச்சுக்கிட்டுப் போனேன். கதவத் தட்டுனோம். "நிருஷா, எந்திரி தங்கம், டீ குடிச்சுட்டுப் படு." சத்தம் இல்ல. அசந்து தூங்குறான்னு ஆயா சொல்லுச்சு. எனக்கு என்னமோ மனசு கேக்கல. ஓங்கித் தட்டுனேன். பேரச் சொல்லிக் கத்துனேன். நான் கத்துன அந்தச் சத்தந்தான் செவுத்துக்கு மேல வழியா அங்க அவருக்குக் கேட்டுருக்கு. பக்கத்துக் காம்பராவுல இருந்து தன் மக பேரு.

எத்தன பேரு புடிச்சாங்களோ தெரியாது, அத்தன பேரையும் உதறிட்டு வந்தாரு. அந்தக் கெட்ட தோளாலேயே கதவ இடிச்சாரு. கொண்டி பிஞ்சு கதவு தொறந்துச்சு. "யாரும் உள்ள வராதீங்க! மிஷின நிறுத்துங்கடா!"ன்னு கத்திக்கிட்டே மூச்சப் புடிச்சுக்கிட்டு உள்ள போயி, மகள இழுத்துக்கிட்டு வெளிய வந்தாரு. கொட்டுற மழையில, வாசல்ல மல்லாக்கப் போட்டு, வாயில ஊதுறாரு, நெஞ்ச அமுக்குறாரு. பிள்ள மொகம் நல்லா செவந்து, ஒடம்புக்கு ஒண்ணும் இல்லாதவ மாதிரி இருந்துச்சு. பாத்த நான், உசுரு இருக்குன்னுதான் நெனச்சேன். "இருக்காண்ணே, இருக்கா, மொகத்தப் பாருங்க"ன்னேன். அவரு என்னத் திரும்பிப் பாத்தாரு. அந்த மொகத்த அவரு பத்தல்ல ஏற்கெனவே பாத்திருக்காருன்னு எனக்கு அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். கொண்டு போறதுக்கு முன்னாலேயே எல்லாம் முடிஞ்சிருச்சு.

அம்மாவ அடக்கம் பண்ண அன்னைக்கு மக ஆஸ்பத்திரியில. மக பெட்டி வீட்டுக்கு வந்தப்ப அம்மா மண்ணுக்குள்ள. கரண்டு அப்பவும் வரல. அன்னைக்கு டெனிஸ்டன் அண்ணன் பேட்டரியத் தூக்கிக்கிட்டு நடந்தாரு. துக்கக்காரரு ஒக்காரணும்னு சொல்ல ஒரு நாக்கு இல்ல. அந்தோனி செவுத்துல தலைய முட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தான். கிருஷ்ணராஜ் லயத்துப் பக்கமே வரல. அண்ணன் பலா மரத்தடியில தகரத்தத் திரும்பக் கட்டி, மிஷின அடிச்சுட்டு, மழையில அங்கேயே நின்னாரு. உள்ள மக கெடக்குறா, அப்பன் வெளிய நிக்குறாரு. பெட்டிய மூடப் போறோம், மொகம் பாக்க வாங்கன்னு நான் போயி கூப்புட்டேன்.

"பேட்டரிய சாவ விட்டிருக்கணும் கலா"ன்னு சொன்னாரு. "தண்ணி ஊத்தாம, சார்ஜ் போடாம, சும்மா போட்டிருந்தேன்னா அன்னைக்கு மிஷின் புடிச்சிருக்காது. இருட்டுல செபம் சொல்லியிருப்பாங்க. எம்பிள்ள எந்திரிச்சு டீ குடிச்சிருப்பா."

நான் அவரு கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்தேன்.

இனிமே அந்த மிஷினத் தொட மாட்டாருன்னுதான் எல்லாரும் நெனச்சோம். பள்ளத்துல தள்ளிரலாம்னு கூட சமித்தியில பேச்சு வந்துச்சு. அவருதான் வேணாம்னாரு. "இத தள்ளுனா வேற ஒண்ணு வாங்குவீங்க. வாங்கி, எவனாவது தெரியாதவன் அடிப்பான்." அதனால இன்னைக்கும் அவருதான் அடிக்கிறாரு. தனி ஆளா இருக்காரு, பேட்டரிய இஸ்தோப்புல வச்சுத் துடைக்கிறாரு. கேலி பண்ண வீட்டுல ஆளு இல்ல. அந்தோனி வந்து கால்ல விழுந்தான், தூக்கி விட்டாரு. அவன வையல, ஆனா சரியாப் பேசுறதும் இல்ல. அவருக்கும் சேத்துத் திட்டுறதெல்லாம் நாந்தான். கிருஷ்ணராஜக் கண்டா இப்பவும் எனக்கு அடக்க முடியல. கேடு நெனச்சுச் செய்யலங்கிறது எனக்கும் தெரியும். தெரிஞ்சு என்னா?

அவருகிட்ட புதுசா ஒரு பழக்கம் வந்திருக்கு. மிஷின் மரத்தடியில ஓடிக்கிட்டு இருக்கும், தூரத்துல, ஒரு ஆபத்தும் இல்ல. ஆனா அவரு லயத்துல ஒவ்வொரு கதவா தட்டிக்கிட்டு வருவாரு. உள்ள யாராவது தூங்குறாங்களான்னு கேப்பாரு. தூங்குனா எழுப்பச் சொல்லுவாரு. எழுப்புனா போதாது, பேசணும். புதுசா கல்யாணமாகி வந்த பொண்ணுங்களுக்கு இது ஒண்ணும் புரியாது, மொணமொணன்னு திட்டுங்க. நாந்தான் வாய மூடச் சொல்லி அதட்டுவேன்.

போன மாசம் இருளாயி ஆயா செத்துச்சு. வயசான சாவுதான். மழை இருந்துச்சு, கரண்டு இல்ல, மிஷின் ஓடிக்கிட்டு இருந்துச்சு. என் சின்ன மக காய்ச்சல்ல கெடந்தா. ராத்திரி முழுக்க அனத்திட்டு அப்பத்தான் கண்ண மூடியிருந்தா. கதவு தட்டுற சத்தம் கேட்டுச்சு. கொடையில்லாம நிக்குறாரு.

"கலா, உள்ள யாரு தூங்குறது?"

"சின்னவதாண்ணே. காய்ச்சல். இப்பத்தான் தூங்குனா, விடுங்கண்ணே."

"எழுப்பும்மா."

"அண்ணே, மிஷின் அங்கதானே இருக்கு. ஜன்னல் எல்லாம் தொறந்துதான் வச்சிருக்கேன்."

"தெரியும். ஒரு வார்த்த பேசச் சொல்லு. போயிர்றேன்."

எழுப்புனேன். பிள்ள சிணுங்கிக்கிட்டு, கண்ணு கூடத் தொறக்காம, "என்னா மாமா, தூங்க விடுங்க மாமா"ன்னா.

அவரு வாசல் நெலையப் புடிச்சுக்கிட்டு அப்படியே நின்னாரு. "தூங்கு தாயி, தூங்கு. மாமா போறேன்"னு சொன்னாரு. சொல்லிட்டும் போகல. உள்ள வந்து ஒக்காருங்கண்ணேன்னு சொல்ல வாயெடுத்தேன். எங்க லயத்துல யாரும் இப்ப அவர ஒக்காரச் சொல்றதில்ல. நானும் சொல்லல. கொஞ்ச நேரம் நின்னு பிள்ள மூச்சு விடுறதப் பாத்துட்டு, அடுத்த கதவத் தட்டப் போனாரு.